யாளியின் பின்னங்கால்கள்

அறுபதுகளின் பின்பாதியில் இது நடந்தது. அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணம் ஆகவில்லை. கத்திரி பிடித்துப் பிடித்து விரலில் காய்ப்பு விழுந்திருந்தது. கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாள் முதலாளி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். அங்கே டவுனில் இருந்த ஒரு சினிமா தியேட்டரின் மேனேஜர் காபி குடித்துக்கொண்டிருந்தார். சிறுவர் பத்திரிகை ஒன்றில் வாரா வாரம் ஒரு மாயாஜாலத் தொடர்கதை வந்து, புத்தகமாகவும் போட்டு, பிள்ளைகள் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கதையைப் படமாக எடுத்திருந்தார்கள். கதையில் ராஜகுமாரனைவிட முக்கியமான ஆள் ஒரு யாளி. கோயில் தூண்களில் பார்த்திருப்பீர்கள், சிங்கத்தின் உடம்பும் யானையின் தும்பிக்கையுமாக முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதுதான். படம் வெளியாகும் அன்று காலையில், எல்லோரையும் போல மாட்டுவண்டியில் தட்டி கட்டி நோட்டீஸ் போட மேனேஜருக்கு இஷ்டமில்லை. தெருவில் ஒரு யாளியையே நடத்திக் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"தலைக்கு வெளியூர்ல ஒரு பெயிண்டரைப் பிடிச்சுட்டேனுங்க. ஒடம்புக்குத்தான் துணி வேணும். மாஸ்டர் மனசு வெச்சா ஆகும்," என்றார்.

பனியன் துணியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது மிஷினிலிருந்து வரும்போதே குழாய் மாதிரி உருண்டையாகத்தான் வரும். மனுஷன் உடம்புக்கு அதை வெட்டி வெட்டித்தான் பனியன் ஆக்குகிறோம். மிருகத்துக்கு வெட்டவே வேண்டியதில்லை. பெரிய குழாயை வயிறாக்கி, சின்னக் குழாய்களைக் கால்களாக வைத்துத் தைத்து, மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்தேன். பிடரி மயிருக்குக் கம்பெனியில் குவிந்து கிடந்த கழிவுப் பஞ்சையும் துண்டுத் துணியையும் கொத்துக் கொத்தாகக் கட்டினேன். தும்பிக்கை ஒன்றுதான் சரியாக வரவில்லை. எத்தனை வளையம் வைத்தாலும் ஈரத் துண்டு போலத் தொங்கியது.

ரிலீஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் தலை வந்து சேர்ந்தது. மூங்கில் சட்டத்தின் மேல் காகிதம் ஒட்டி வண்ணம் பூசியிருந்தார்கள். கண்ணுக்குப் பழைய லாரியின் சிவப்புக் கண்ணாடி. புருவம் இரண்டும் அவ்வளவு கம்பீரம். யார் செய்தது என்று கேட்டேன். கொண்டு வந்தவர் வைத்துவிட்டு அப்போதே பஸ் ஏறிவிட்டார், நாளைக்கு வருவார் என்றார் மேனேஜர். அந்தத் தலையை உடம்போடு சேர்த்து இரட்டைத் தையல் போட்டேன். யானையே இழுத்தாலும் பிரியாது என்று பெருமை பேசினதும் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே நுழைந்து ஆடுவதற்குப் பொய்க்கால் குதிரைக்காரர்கள் இரண்டு பேரைப் பேசி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவர்கள் வரவில்லை. ஏதோ ஊர்த் திருவிழாவில் இன்னொரு நாள் ஆடச் சொல்லிப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் பிள்ளைகள் கூட்டம் நெரிகிறது. மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை.

"மாஸ்டர், இந்தத் துணியோட நெளிவு சுளிவு உங்களுக்குத்தானுங்க தெரியும். பின்னங்காலா மட்டும் வாங்க. முன்னங்காலுக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு. குனிஞ்சு நடந்தாப் போதும், ஒருத்தருக்கும் உங்க முகம் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்து என்னை முதலில் உள்ளே ஏற்றினார்கள். நான் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றேன். மஞ்சள் வெளிச்சமும் சாய வாடையும் தவிர உள்ளே ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் முன்பக்கமாக ஒருவர் நுழைந்து தலைச் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார். வெளியிலிருந்து வயிற்றைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். நான் முன்னாலிருந்தவரின் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டேன். குனிந்த நிலையில் அவருடைய பாதங்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. இடது காலில் இரண்டாவது விரல் கட்டை விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்தக் காலை எனக்குத் தெரியும். என் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றியவன் நான்தான்.

முன்னங்கால், என் மச்சான்.

எனக்கும் மச்சானுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அவர் காங்கேயத்தில் எண்ணெய் மில்லுகளுக்கும் லாரிகளுக்கும் பெயர் எழுதுகிற பெயிண்டர். அவர் மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் நான்தானே மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்? சீர்த் தட்டோடு கிளம்பினேன். பஸ் அவிநாசிபாளையத்தில் படுத்துக்கொண்டது. வேறு பஸ் பிடித்து நான் போய்ச் சேரும்போது பாப்பாவுக்குக் காது குத்தி முடித்து, மச்சானின் பெரியப்பா மகன் மடியில் அவள் மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். சீரைக் கீழே வைத்தேன். அக்கா கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல், பந்தியில் உட்காராமல், வந்த வழியே திரும்பினேன். சாப்பிடாமல் போனவன் இனிமேல் இந்த ஊட்டு வாசப்படி ஏற வேண்டாம் என்று மச்சான் பின்னாலிருந்து சத்தம் போட்டார். அதோடு சரி. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் கம்பெனிக்குப் போய்விடுவேன்.

இப்போது மேனேஜர் பிடித்த வெளியூர் பெயிண்டராக அவர் வந்து நிற்க, அவருடைய இடுப்புத் துண்டு என் கையில் இருந்தது. வெளியே போகலாம் என்றால் வயிற்றைக் கட்டியாகிவிட்டது. கத்தலாம் என்றால், முதலில் பேசினவன் நானாகிவிடுவேன். அதற்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

மேளம் ஆரம்பித்தது.

"ஏனுங்க, போலாமுங்களா?" என்றார் மச்சான், வெகு மரியாதையாக.

"ம்," என்றேன் குரலை மாற்றி.

"வலது கால் மொதல்ல வெக்கறனுங்க."

"ம்."

வைத்தார். நான் இடது காலை வைத்துவிட்டேன். யாளி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் இடித்தது. தெருவுக்கு வந்த பிறகும் அதே கதைதான். முன்பாதி வேகமாகப் போகும், பின்பாதி இழுபடும். நடு வயிறு நீண்டு நீண்டு சுருங்கும். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பயப்படுவார்கள் என்று பார்த்தால், எல்லாம் கதையை வரிக்கு வரி படித்த கூட்டம். யாளிக்குத் தும்பிக்கை செத்துப் போச்சு என்றான் ஒருவன். கதையில் யாளி சத்தமே இல்லாமல் நடக்கும், இது செருப்புப் போட்ட மாதிரி சத்தமா நடக்குது என்றாள் ஒருத்தி. வாலை ஒருவன் பிடித்து இழுத்தான். அது என் வேட்டியோடு முடிந்திருந்ததால் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டி வந்தது.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் புகையின் மேல்தான். கதையில் வந்த யாளி சாது. கொய்யாப்பழம் தின்னும், மழை வருமுன் பாடும். படம் எடுத்தவர்களுக்கு அது போதவில்லை போலிருக்கிறது, வாயிலிருந்து புகை விட வைத்திருந்தார்கள். போஸ்டரிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அதனால் மேனேஜர் கடைசி நிமிஷத்தில் ஒரு தூபக்காலில் நெருப்பைப் போட்டு, சாம்பிராணி தூவி, யாளியின் கீழ்த்தாடைக்குள் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். யாளி வாயைத் திறக்கும் போதெல்லாம் வெள்ளிக்கிழமை வீடு போல மணந்தது. "எங்க யாளி பொகை விடாது," என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்திக்கொண்டே வந்தார்கள்.

உள்ளே மச்சான் பேச ஆரம்பித்தார். பயம் வந்தால் அவருக்கு வாய் நிற்காது. அக்கா சொல்லியிருக்கிறாள்.

"பேசவே மாட்டீங்கறீங்களே, பல்லு வலிங்களா?"

"ம்."

"கெராம்பை நசுக்கி வெச்சுக்கோங்க. பனியன் கம்பெனிங்களா நீங்க?"

"ம்."

"என்ற மச்சினனும் பனியன் கம்பெனிதானுங்க. கட்டிங் மாஸ்டர். வேலையில சுத்தம். ஆனா ரோசக்காரனுங்க. அப்படி ஒரு ரோசத்தை நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க."

நான் 'ம்' சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்காமல் காது குத்துக் கதையை ஆரம்பித்துவிட்டார். கதையில் நான்தான் வில்லன். நடுவே யாளி மூலை திரும்பும்போது, "பாத்துங்க, பள்ளம்," என்று எனக்கு எச்சரிக்கை வேறு. வில்லனுக்குக் கால் இடறிவிடக் கூடாது என்று அவ்வளவு அக்கறை. எனக்குக் கோபத்தில் காது சுட்டது. இடுப்புத் துண்டை ஒரு சுண்டு சுண்டினேன். நிற்கச் சொல்கிறேன் என்று நினைத்து நின்றார். மேளக்காரர்கள் யாளி ஆடப் போகிறது என்று நினைத்து அடியை மாற்றினார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆடினோம்.

ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது மச்சானின் குரல் இறங்கியிருந்தது.

"நேரம் போகுது, போகுதுன்னு பெரியவங்க சத்தம் போட்டாங்க. புள்ள அழுகுது. நானும் ரோட்டுக்குப் போயி பஸ்ஸு வருதா, வருதான்னு பாத்துட்டு வந்தனுங்க. ரெண்டு தடவை போனேன். அதை ஆருகிட்டயும் சொல்லல. சொன்னா என்ற மச்சினனுக்காக நான் ரோட்டுல நின்னேன்னு ஆயிப்போகுமுங்க."

இழுத்துப் பிடித்திருந்த இடுப்புத் துண்டை நான் கொஞ்சம் தளர்த்தினேன்.

"அவன் சாப்பிடாமப் போனான் பாருங்க, அன்னைக்கு நானும் சாப்பிடலீங்க. வந்த ஒரம்பரை சனம் அத்தனை பேரும் உக்காந்து சாப்பிட்டாங்க. எனக்கு எறங்கல."

மூன்று வருஷமாக என் மனசில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வெயிலில் பசியோடு நடந்து போகிறேன், அங்கே மச்சான் வாழை இலையில் வடையைப் பிட்டுப் பாயசத்தில் தொட்டுச் சாப்பிடுகிறார். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்துத்தான் கோபத்தைச் சூடு செய்துகொள்வேன். இப்போது அந்த இலையில் ஆளே இல்லை என்கிறார்.

"பாப்பா மொதல்ல எல்லாம், மாமன் எப்ப வரும்னு கேட்டுட்டே இருக்கும். இப்பக் கேக்கறதில்லீங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்குது. இன்னைக்கு இந்த யாளியைப் பாக்க அம்மாளும் புள்ளையும் வந்திருக்காங்க. புள்ளைக்காகத்தான் நானே உள்ள பூந்தேன். வேற ஆளு எவனாச்சும் ஆடி, கதையில இருக்கற மாதிரி இல்லைன்னு அது மொகம் வாடிப்போகக் கூடாது பாருங்க."

ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் இவ்வளவு நேரம் பல் வலிக்காரனாக 'ம்' போட்டுவிட்டு, இனி எந்த முகத்தோடு பேசுவது? அடுத்த மூலை வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த மூலை வந்தது. அதற்கடுத்த மூலை வரட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாடை மாறியது. சாம்பிராணி இல்லை. பஞ்சு கருகுகிற வாடை. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற எவனுக்கும் தூக்கத்திலும் தெரிகிற வாடை அது. தலையைத் தூக்கி முன்பக்கம் பார்த்தேன். ஆட்டத்தில் தூபக்கால் கவிழ்ந்து, நான் கொத்துக் கொத்தாகக் கட்டி வைத்த பிடரி மயிரில் தீ ஓடுவது துணி வழியாகத் தெரிந்தது. மச்சானின் தலைக்கு ஒரு முழம் மேலே.

"மச்சான், தலை பத்திக்கிச்சு. ஓடுங்க."

அவர் ஓடவில்லை. நின்றார்.

"ஆரது?"

"நான்தானுங்க. உங்க மச்சினன். ஓடுங்க முதல்ல."

"நீயா? எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே."

"அப்ப பல்லு வலி?"

தலைக்கு மேலே தீ எரிகிறது, இந்த மனுஷனுக்குப் பல் வலி சந்தேகம். நான் பின்னாலிருந்து அவரை ஒரே நெட்டாக நெட்டினேன். தலையைக் கழற்றி எறியலாம் என்று அவர் பார்த்தார். அதுதான் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேனே, வரவில்லை. புகையில் அவருக்குக் கண் தெரியவில்லை. எனக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் இடது பக்கமிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. அந்தச் சந்தில் ஒரு சலவைப் பட்டறை உண்டு, வாசலிலேயே பெரிய தண்ணீர்த் தொட்டி. "இடது பக்கம், இடது பக்கம்," என்று கத்திக்கொண்டே அவர் இடுப்பைப் பிடித்துத் திருப்பினேன்.

காலையிலிருந்து ஒரு அடிகூடச் சேராத நாலு கால்களும் அப்போது சேர்ந்தன. அவர் வலது வைக்க நான் வலது, அவர் இடது வைக்க நான் இடது. யாளி பிடரியில் ஜ்வாலையோடு பறந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். எல்லாம் மேனேஜரின் ஏற்பாடு என்று நினைத்திருப்பார்கள். மேளக்காரர்களும் அப்படியே நினைத்து, அடித்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். தெரு நாய்கள் மட்டும்தான் நிலைமையைப் புரிந்துகொண்டு வழிவிட்டு ஒதுங்கின.

தொட்டிச் சுவர் முழங்காலில் இடித்ததும் இரண்டு பேரும் தலைகுப்புற உள்ளே விழுந்தோம். உஸ்ஸென்று ஒரு சத்தம். தீ அணைந்தது.

பனியன் துணி தண்ணீர் குடித்தால் கனம் தாங்காமல் நீளும். அது நல்லதாகப் போயிற்று. வயிற்றுக் கட்டு தளர்ந்து, அதன் வழியாக முதலில் மச்சானும் பின்னால் நானும் பிதுங்கி வெளியே வந்தோம். தொடையளவு தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைவிட மஞ்சள். மச்சானுக்கு ஒரு பக்க மீசை கருகிப் பாதியாகியிருந்தது. புருவமும் கொஞ்சம் போயிருந்தது. வேறு காயம் ஒன்றுமில்லை. அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, எனக்கு எங்கேயாவது சுட்டிருக்கிறதா என்று முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா அழுதபடி ஓடி வந்தாள். மஞ்சள் நிறத்தில் புருஷனையும் தம்பியையும் ஒரே தொட்டியில் பார்த்ததும் அழுகை பாதியில் நின்றுவிட்டது. அவள் கையைப் பிடித்தபடி பாப்பா. இரண்டு ஜடை, எட்டு வயசு. நான் கடைசியாகப் பார்த்ததைவிட ஒரு முழம் வளர்ந்திருந்தாள். எங்களைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள்.

"கதையில யாளி நெருப்பு விடாதுப்பா. நான் அப்பவே சொன்னேன்," என்றாள் அப்பாவிடம்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்கதான் பின்னங்காலா?"

"ஆமாங்க கண்ணு."

"நீங்க சரியாத்தான் நடந்தீங்க. அப்பாதான் தப்புத் தப்பா வெச்சாரு."

மச்சான் ஆட்சேபம் சொல்ல வாயைத் திறந்தார். பாதி மீசையோடு அவர் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் எனக்கும் வந்தது. மச்சான் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பட்டறைக்காரர் கெட்டுப் போன தண்ணீருக்காகத் திட்டுவதற்கென்று வந்தவர், எங்களுக்குத் துவட்டத் துண்டு கொடுத்துவிட்டுப் போனார். அக்கா மகளுக்காகக் கட்டிக்கொண்டு வந்திருந்த தூக்குப்போசியைத் திறந்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்றெல்லாம் கேட்காமல், புளிச்சோற்றை உருட்டி எங்கள் இருவர் கையிலும் வைத்தாள்.

மேனேஜர் பயந்துபோய், நாலு பேருக்கும் மேட்டினி ஷோவுக்கு பாஸ் கொடுத்தார். மஞ்சள் முகத்தோடு போய் உட்கார்ந்தோம். பாப்பா படம் முழுக்க ஒரே முணுமுணுப்பு. காது சின்னது, நகம் இல்லை, கொய்யாப்பழத்தை ஏன் எடுத்துவிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இடைவேளைக்கு அப்புறம் யாளி மலைமேல் ஏறுகிற காட்சி வந்தது. முன்னங்கால் ஒரு பக்கம் போக, பின்னங்கால் ஒரு பக்கம் இழுபட்டது. மச்சான் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்பிள்ளை, அதுக்குள்ள இருக்கற ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை போலிருக்குது," என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரர் எழுந்து வெளியே போகச் சொன்னார்.

பாப்பாவின் கல்யாணத்தில் மாமன் சீரோடு முதல் ஆளாகப் போய் நின்றவன் நான்தான். மச்சானுக்கு மீசை மறுபடி முளைத்துவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் மெல்லிசாகவே இருக்கும். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அன்று அந்தத் தீ மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால், அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை என்று தள்ளிப் போட்டே ஊர்வலத்தை முடித்து, துணியைக் கழற்றி வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நழுவியிருப்பேனோ? பதில் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் இப்போதெல்லாம் யாரிடமாவது முறுக்கிக்கொண்டால், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும் சரி, புகை வாடை வருமுன் நானே முதலில் வாயைத் திறந்துவிடுகிறேன்.